மணல்காட்டில் மிக்கி மவுஸ்... கணக்கு ஒத்து வருமா?

சென்னையிலிருந்து கும்பகோணத்துக்குப் பேருந்தில் போனவர்களுக்கு மீன்சுருட்டி தெரிந்திருக்கும். சேத்தியாத்தோப்பைத் தாண்டி, அணைக்கரைக்கு முன்னால் வருகிற ஊர். அரியலூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரம். சுற்றுவட்டாரத்தில் முந்திரிக் காடு. சில கிலோமீட்டர் போனால் கங்கைகொண்ட சோழபுரம். இந்தப் பக்கத்தில் அபுதாபி, ஷார்ஜா என்ற பெயர்களெல்லாம் பக்கத்து ஊர்ப் பெயர்கள் மாதிரிதான் பேச்சில் வரும். வீட்டில் இல்லாவிட்டாலும் தெருவில் யாராவது ஒருவர் அங்கே இருப்பார். இல்லை, இருந்துவிட்டுத் திரும்பியிருப்பார். அதனால் 'அபுதாபியில் டிஸ்னிலேண்ட் வருது' என்பது இங்கே விரலால் தள்ளிவிட்டுப் போகிற செய்தி இல்லை. பிள்ளைகள் 'எப்போ போலாம்?' என்பார்கள். அங்கே வேலை பார்த்த பெரியவர்களுக்கோ வேறு சந்தேகம்: 'அந்த வெயில்ல எவன்யா ராட்டினம் சுத்துவான்?'

செய்தி இதுதான். 2025 மே 7-ம் தேதி, டிஸ்னி தன்னுடைய ஏழாவது தீம் பார்க் வளாகம் அபுதாபியின் யாஸ் தீவில் அமையப்போவதாக அறிவித்தது. திறப்பதற்கு 2030-களின் தொடக்கம் ஆகிவிடும் என்று பேசப்படுகிறது. அதாவது, இன்று இரண்டாம் வகுப்பில் இருக்கிற பையனுக்கு அதற்குள் மீசை அரும்பியிருக்கும்!

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பூங்காவில் டிஸ்னி தன் கைக்காசைப் போடவில்லை. பணம் போட்டுக் கட்டுவதும், பிறகு நடத்துவதும் 'மிரால்' என்ற அபுதாபி நிறுவனம். டிஸ்னி வடிவமைத்துத் தரும், பெயரைத் தரும், மிக்கி மவுஸைத் தரும். பதிலுக்கு ராயல்டி வாங்கிக்கொள்ளும். பேர் வாங்கிய ஒரு ஹோட்டல்காரர், 'என் போர்டை மாட்டிக்கோ, சமையல் பக்குவம் சொல்லித் தர்றேன். கட்டடம், அடுப்பு, ஆள், கடன் எல்லாம் உன் பாடு. வியாபாரத்துல எனக்கு ஒரு பங்கு' என்று சொல்வது போல.

இது டிஸ்னிக்குப் புதிதல்ல. 1983-ல் திறந்த டோக்கியோ டிஸ்னிலேண்டை இன்றுவரை ஒரு ஜப்பானிய நிறுவனம்தான் வைத்து நடத்துகிறது, டிஸ்னிக்கு ராயல்டி. அங்கே கூட்டம் அலைமோதியதைப் பார்த்து, 'அடடா, நாமே முதல் போட்டிருக்கலாமே' என்று பாரீஸ் அருகே 1992-ல் திறந்த பூங்காவில் 49 சதவிகிதப் பங்கோடு இறங்கினார்கள். இரண்டே வருடத்தில் கடன் கழுத்தை நெரித்தது. 1994-ல் சவுதி இளவரசர் அல்வாலீத் உள்ளே வந்து பணம் போட்டுத்தான் மூச்சு விட்டார்கள். அபுதாபியில் டிஸ்னி பேரை மட்டும் கொடுத்துவிட்டு நிற்பதைப் பார்த்தால், அந்தப் பாடம் மறக்கவில்லை என்று தெரிகிறது. ஆக, 'பாலைவனத்தில் தீம் பார்க் சரியா?' என்று டிஸ்னியைக் கேட்டால், சரிதான். நஷ்டம் வந்தால் அவர்கள் தலையில் இல்லை. கேள்வி அபுதாபிக்குத்தான்.

வெயில் வில்லன் இல்லை

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2025 கோடையிலேயே வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. சரி, அந்த ஊரில் ராட்டினம் எப்படி? கூரை போட்டு, ஏசி போட்டு! யாஸ் தீவில் ஏற்கெனவே நான்கு பூங்காக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2010-ல் ஃபெராரி வேர்ல்டு, 2013-ல் யாஸ் வாட்டர்வேர்ல்டு, 2018-ல் வார்னர் பிரதர்ஸ் வேர்ல்டு, 2023-ல் சீவேர்ல்டு. தண்ணீர்ப் பூங்காவை விட்டுவிட்டால், மற்ற மூன்றும் பெரும்பாலும் கூரைக்குள்தான். வார்னர் பிரதர்ஸ் உள்ளே போனால் வெளியே பாலைவனம் இருப்பதே மறந்துபோகும்.

அமெரிக்காவின் பாலைவன நகரமான லாஸ் வேகாஸில் இதற்கு நேரடி உதாரணமே இருக்கிறது. 1993-ம் வருடம் அங்கே இரண்டு பூங்காக்கள் திறந்தன. எம்.ஜி.எம். கிராண்ட் ஹோட்டல் கட்டியது திறந்தவெளியில். சர்க்கஸ் சர்க்கஸ் ஹோட்டல் கட்டியது கண்ணாடிக் கூண்டுக்குள். முதலாவது பத்து வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. இரண்டாவது இன்றும் ஓடுகிறது. வெயில் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், கூரை எவ்வளவு உதவும் என்பதற்கு இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

கூரைக்கும் குளிருக்கும் கரன்ட் வேண்டும், தண்ணீர் வேண்டும். அமீரகம் கடல்நீரைக் குடிநீராக்கித்தான் வாழ்கிறது. பராகா அணுமின் நிலையத்தின் நான்கு உலைகளும் ஓடுவதால் நாட்டின் மின்தேவையில் கால்வாசி அங்கிருந்து வருகிறது. இதெல்லாம் மலிவு இல்லை. கடலுக்குத் திரும்பும் உப்புக் கழிவால் சுற்றுச்சூழலுக்கும் செலவுதான். ஆனால், முடியாத காரியம் இல்லை. வறண்ட மேட்டு நிலத்தில் புது நகரம் எழுப்பியவர் நம் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறாரே! காவிரிக் கரைத் தஞ்சாவூரை விட்டுவிட்டு இங்கே தலைநகர் கட்டிய ராஜேந்திர சோழன், சோழகங்கம் என்று ஓர் ஏரியையும் வெட்டினான். நீர்மயமான வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைச் சொல்கிறது. இன்று நாம் பொன்னேரி என்கிறோம். தண்ணீருக்கு வழி பண்ணிவிட்டால் மேட்டு நிலத்திலும் ஊர் நிற்கும்.

ரெண்டாவது தடவை யார் வருவார்?

தீம் பார்க் தொழிலில் உண்மையான கண்டம் வேறு. முதல் தடவை எல்லோரும் வருவார்கள். திரும்பவும் வருகிறவர்கள்தான் கடையை ஓட்டுகிறவர்கள். ஆட்களின் சம்பளம், ரைடுகளின் பராமரிப்பு, ஏசி பில், வங்கி வட்டி எல்லாம் கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே மாதிரி ஓடும். மீன்சுருட்டியில் டீக்கடை வைத்தவர் கூட்டம் குறைந்தால் பாலைக் குறைத்து வாங்குவார். ரோலர் கோஸ்டரைப் பாதியாகக் குறைக்க முடியாது.

அபுதாபியிலிருந்து சாலை வழியாக ஒன்றரை மணி நேரத்துக்குள் இருக்கிற துபாய் இதை அனுபவித்துப் பார்த்துவிட்டது. 2016 கடைசியில் 'துபாய் பார்க்ஸ் அண்ட் ரிசார்ட்ஸ்' என்று ஒரே வளாகத்தில் பல பூங்காக்களைத் திறந்தார்கள். செலவு 1,000 கோடி திர்ஹத்துக்கும் மேல். முதல் முழு வருடமான 2017-ல் 67 லட்சம் வருகைகளை எதிர்பார்த்தார்கள். வந்தது சுமார் 23 லட்சம். அந்த வருட நஷ்டம் 110 கோடி திர்ஹத்துக்குக் குறையாது.

அந்த வளாகத்தில் நமக்குச் சொந்தமான ஒரு பூங்காவும் இருந்தது: 'பாலிவுட் பார்க்ஸ்'. ஷோலே, லகான், டான், கிரிஷ் படங்களை வைத்து ரைடுகள். ஆட்டம் பாட்டத்துக்கு ராஜ்மஹால் என்று ஓர் அரங்கம். அமீரகத்தில் நம் நாட்டவர் எத்தனை லட்சம் பேர் இருக்கிறார்கள், கூட்டத்துக்கு என்ன குறை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் 2023 ஏப்ரலில் இழுத்து மூடிவிட்டார்கள். அங்கே இருக்கிற இந்தியர்களில் பெரும் பங்கு குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த உழைப்பாளிகள். மாதம் ஆயிரம், ஆயிரத்து இருநூறு திர்ஹம் வாங்கி அதில் பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்புகிறவர், வெள்ளிக்கிழமை ஷோலே ரைடில் உட்காரவா போவார்? தலையை எண்ணினால் கூட்டம். பர்ஸைத் திறந்து பார்த்தால் கூட்டம் இல்லை. என் கணிப்பில் அந்தப் பூங்கா தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

இது பாலைவனத்தின் கோளாறு மட்டும் இல்லை என்பதற்கு மகாராஷ்டிரத்துக்குப் போகலாம். மும்பைக்கும் புனேவுக்கும் நடுவே, கோபோலியில் 2013-ல் திறந்த 'இமேஜிகா'. பக்கத்திலேயே இரண்டு மாநகரம், மழை, பச்சை எல்லாம் உண்டு. ஆனாலும் சுமார் 1,600 கோடி ரூபாய் செலவில் கடன் வாங்கிக் கட்டியதில் வட்டி மூழ்கடித்தது. 2022-ல் மல்பானி குழுமம் கைக்கு மாறிய பிறகுதான் கரையேறியது.

நம் பக்கத்திலும் ஒரு பூங்கா புதிதாக வந்திருக்கிறது. திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா. செலவு 611 கோடி. கேளிக்கை வரி விவகாரத்தில் வருடக்கணக்காக இழுத்தடித்த திட்டம் இது. ஆனால், சென்னைவாசி ஒருவர் காலையில் போய்விட்டு ராத்திரி வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அடுத்த லீவுக்கு மறுபடியும் போகலாம். அந்த வசதி அபுதாபிக்குக் கிடையாது. அங்கே பெரும்பாலானவர்கள் விமானத்தில்தான் வர வேண்டும்.

அதைத்தான் டிஸ்னி தன் பலமாகச் சொல்கிறது: உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் நான்கு மணி நேர விமானப் பயணத்துக்குள் இருக்கிறார்களாம். அந்த வட்டத்துக்குள் இந்தியாவின் பெரும்பகுதி அடங்கும். திருச்சியிலிருந்து பறந்தால்கூட நான்கு மணி நேரத்துச் சொச்சம்தான். ஆனால் விமான டிக்கெட், விசா, ஹோட்டல் எல்லாம் போக, இப்போதைய யாஸ் பூங்காக்களிலேயே ஒரு நாள் நுழைவுக் கட்டணம் 300 திர்ஹத்துக்கு மேல். திர்ஹம் 24 ரூபாய் என்று வைத்தால் ஆளுக்கு 7,000 ரூபாயைத் தாண்டும். நாலு பேர் குடும்பத்துக்கு 30,000-ஐத் தொடும். ஆயுளில் ஒருமுறை போகலாம். வருடா வருடம் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

வானம் மூடிக்கொள்கிற ஆபத்தும் உண்டு. 2025 ஜூனில் கத்தாரில் இருக்கும் அமெரிக்கத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசிய இரவில், வளைகுடா நாடுகள் பலவற்றின் வான்வழி சில மணி நேரம் மூடப்பட்டது. விமானத்தை நம்பி நடக்கிற பூங்காவுக்கு அது சின்ன விஷயமில்லை. போதாததற்கு, ரியாத் அருகே கித்தியாவில் சவுதி அரேபியா தன் பங்குக்கு சிக்ஸ் ஃப்ளாக்ஸைத் திறந்துவிட்டது. அதே வாடிக்கையாளருக்கு இன்னொரு கடை.

இவ்வளவும் சொன்ன பிறகும், அபுதாபி செய்வது முட்டாள்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. துபாயில் பூங்காவை நடத்தியது பங்குச்சந்தையில் இருந்த, கடன் சுமந்த கம்பெனி. அபுதாபியின் பின்னால் இருப்பது எண்ணெய்ப் பணம். இருபது வருடம் பொறுத்திருக்கக்கூடிய பணம். எண்ணெய் மட்டுமே சோறு போடாத ஒரு காலத்துக்கு இப்போதே ஏற்பாடு செய்கிறார்கள். பூங்காக்களை ஊரெங்கும் சிதறவிடாமல் ஒரே தீவில் குவித்ததும் புத்திசாலித்தனம். மூன்று நாள் தங்கினால் மூன்று பூங்கா பார்க்கலாம். விமான நிலையமும் பக்கம். டிக்கெட் விற்று மட்டும் போட்ட பணத்தை எடுப்பது கடினம் என்றுதான் நினைக்கிறேன். ஹோட்டல் அறை, விமான சீட், தீவில் விற்கிற வீடு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அவர்கள் கூட்டுவார்கள்.

மீன்சுருட்டிக்கு இதில் என்ன?

கட்டடம் எழும்பும்போது நம் ஆட்கள் அங்கே இருப்பார்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அமீரகத்தில் சட்டம் உண்டு. மிச்ச நேரமும் அங்கே ஊட்டியாக இருக்காது!

வெயிலைவிடப் பெரிய பயம், வேலை பாதியில் நிற்பது. துபாயில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் வரும் என்று 2007-ல் அறிவித்தார்கள். நுழைவு வளைவும் எழும்பியது. 2008 பொருளாதார நெருக்கடி வந்தது. பூங்கா வரவே இல்லை. பல வருடம் அந்த வளைவு மட்டும் மணலில் நின்றது. அந்தக் காலத்தில் வளைகுடாவிலிருந்து பெட்டியோடு திரும்பிய ஆட்களை நம் கிராமங்கள் மறந்திருக்காது. அங்கே திட்டம் நின்றுவிடும். விசாவுக்காக அடகு வைத்த நகைக்கு இங்கே வட்டி நிற்காது. பாலைவனத்துப் பூங்காவின் லாப நஷ்டம் ஜெயங்கொண்டத்து அடகுக்கடை வரைக்கும் வருவது இந்த வழியில்தான்.

'டிஸ்னி விசா வந்திருக்கு' என்று ஏஜென்டுகள் கிளம்புவதற்கு ரொம்ப நாள் ஆகாது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் அமீரகத்துக்கு வேலைக்குப் போக மத்திய அரசின் இ-மைக்ரேட் தளம் வழியாக அனுமதி பெற வேண்டும். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்டுகூட 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி-யும்தான் கட்டணமாக வாங்கலாம். ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்பது அமீரகத்தின் சட்டம். சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம். சுற்றுலா விசாவில் போனால் போதும், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் பாஸ்போர்ட்டைக் கையிலிருந்து கொடுக்காதீர்கள்.