தாழும் குழலும்

செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்திற்குத் தெற்கே கடலோரம் அமைந்துள்ள ஊர் சதுரங்கப்பட்டினம். அங்குள்ள டச்சுக் கோட்டையின் வாயிலில் பழைய பீரங்கிகளை இன்றும் காணலாம். 1782 பிப்ரவரி 17 அன்று இக்கடற்பரப்பில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதபோது முழங்கியவையும் இத்தகைய பீரங்கிகளே. பின்புறம் முற்றிலும் மூடி வார்க்கப்பட்ட இவற்றில், மருந்தையும் குண்டையும் வாய்வழியே இட்டுக் கிட்டித்தனர். இவை வலிமை மிக்கவை. ஆயினும், ஒவ்வொரு முறையும் நிரப்புவதற்கு நேரம் பிடித்தது.

பின்புறத்தைத் திறந்து தோட்டாவை இட்டால் விரைவு கூடும். ஆனால், வெடிக்கும் நொடியில் அத்திறப்பை அடைத்து நிற்பது எது? ரைபிள் துப்பாக்கியின் குழலுக்குள் எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 3000 மடங்கிற்கும் மேற்பட்டது. அது குண்டை முன்னே தள்ளும்போதே தோட்டாக் கூட்டைப் பின்னேயும் தள்ளுகிறது. கூட்டின் அடிப்பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டரே. எனினும், அதன்மீது அழுந்தும் விசை 3 டன் எடைக்கு நிகரானது. சுடுபவரின் முகமோ அதற்கு நேர் பின்னே இருக்கிறது.

இவ்விசையைத் தடுப்பது 'தாழ்' எனும் எஃகுத் தண்டு. கதவின் தாழ்ப்பாளைப் போலவே இதனையும் முன்தள்ளித் திருப்புகிறோம். தாழிலுள்ள புடைப்புகள் பள்ளங்களின் வழியே முன்செல்கின்றன. கைப்பிடியைக் கீழே திருப்பியதும் அவை பள்ளங்களை விட்டு விலகி, எஃகுத் திண்டுகளுக்கு முன்னே அமர்கின்றன. விசை நேர்கோட்டில் பின்னோக்கிச் செல்வது. தாழ் திறப்பதோ சுழற்சியால். எனவே, விசை எவ்வளவு மிகினும் தாழ் தானே திறவாது.

1898ஆம் ஆண்டின் மவுசர் துப்பாக்கியில் முதன்மைப் புடைப்புகள் தாழின் முன்முனையில் உள்ளன. இந்தியக் காவல்துறையினர் நெடுங்காலம் ஏந்திய லீ என்ஃபீல்டு துப்பாக்கியில் அவை பின்பகுதியில் உள்ளன. 1966இல் நிறுவப்பட்ட திருச்சிராப்பள்ளிப் படைக்கலத் தொழிற்சாலையில் உருவான இன்சாஸ் துப்பாக்கியிலும் சுழலும் தாழே உண்டு. ஆனால், அங்கு வெடிவளியின் விசையே தாழை இயக்குகிறது. குண்டு குழலை விட்டு நீங்கி அழுத்தம் தணிந்த பின்னரே தாழ் திறக்கிறது.

தாழ் முழுமையாகப் பூட்டப்படாவிடில் சுடுஊசி தோட்டாவைத் தாக்காதவாறும் இத்துப்பாக்கிகளை அமைத்துள்ளனர். ஆற்றலை எழுப்புவதற்கு முன்னரே அதனை அடக்கும் வழியை உறுதிசெய்தல் வேண்டும் என்பதே இவ்வமைப்பு உணர்த்தும் பொறியியல் நெறியாகும்.