பிறர் முகவரியும் அமானிதமே: சி மொழியில் ஒரு பாடம்

சி மொழியில் யூடிபி சர்வர் எழுதப் பழகும் நம் பிள்ளைகள் அடிக்கடி சறுக்கும் இடம், செய்தி அனுப்பியவரின் முகவரியைச் சேமிப்பது.

லினக்ஸில் பொதுவான 'சாக்அட்ர்' ஸ்ட்ரக்சர் 16 பைட்தான். ஐபிவி6 முகவரிக்கு 28 பைட் வேண்டும். அதை இதில் மெம்காப்பி செய்தால் மிஞ்சும் 12 பைட் பக்கத்து நினைவகத்தைக் கெடுக்கும். எனவே 128 பைட் கொண்ட 'சாக்அட்ர்_ஸ்டோரேஜ்' எடுப்போம். 'ரெசீவ்ஃப்ரம்' அந்த நீளத்தை மாற்றிவிடுவதால், ஒவ்வொரு முறை அழைக்கும் முன்பும் முழு அளவை மீண்டும் தருவோம்.

பின்னர் பதில் அனுப்புவதானால் பாயிண்டரை மட்டும் வைத்திருப்பது போதாது. அடுத்த செய்தி வந்ததும் பழைய முகவரி அழிந்து, ஒருவருக்கான பதில் வேறொருவருக்குப் போய்விடும். முழு ஸ்ட்ரக்சரையும், அதன் நீளத்தையும் நகலெடுத்து வைப்போம்.

பிறர் தகவலைக் காப்பதும் அமானிதம்தானே!