தாயற்ற கன்றும் வீட்டுப் பசுவும்

பசுவை நாம் தாய் என்று போற்றுகிறோம். ஆனால் அந்தத் தாய் எல்லாக் கன்றுகளுக்கும் தாயாகிவிடுவதில்லை. தான் ஈன்ற கன்றை நக்கி நக்கி இன்புறும் பசு, அயலார் கன்று மடியருகே வந்தால் கொம்பால் முட்டித் தள்ளும், காலால் உதைக்கும். இதைக் கல்நெஞ்சம் என்று சொல்லிவிடலாகாது. ஊரார் கன்றுக்கெல்லாம் மடி கொடுத்தால் தன் கன்று மெலிந்துபோகுமல்லவா? இயற்கை வகுத்திருக்கும் காவல் இது.

அப்படியானால், தாய்ப் பசு மாண்டு கன்று மட்டும் பிழைத்திருந்தால் அதன் கதி என்ன? புட்டியில் பால் புகட்டி வளர்ப்பது ஒரு வழி. வேறொரு பசுவையே அதற்குத் தாயாக்குவது மற்றொரு வழி. மாடு வளர்ப்போர் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் இந்த வித்தை, பசு வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

மூக்கே சாட்சி

பசு தன் கன்றை முக்கியமாக மோந்தே அறிகிறது. ஈன்றவுடன் கன்றின் மேலுள்ள ஈரத்தை நக்கும்போதே அந்த வாசனை அதன் நினைவில் பதிந்துவிடுகிறது. ஆகவே, பசு செத்த கன்றை ஈன்றிருந்தால், காலதாமதமின்றி அந்தப் பனிக்குட நீரை அநாதைக் கன்றின் உடலெங்கும் பூசிப் பசுவின் முன் விடவேண்டும். பெரும்பாலும் பசு நக்கத் தொடங்கும். நக்கத் தொடங்கிவிட்டால் பாதி வெற்றி.

கன்று சில நாள் வாழ்ந்து இறந்திருந்தால், அதன் தோலை உரித்து அநாதைக் கன்றின் முதுகில் போர்த்திக் கட்டுவதுண்டு. வாலடியை நன்றாக மறைக்க வேண்டும்; பால் குடிக்கும் கன்றின் பின்புறத்தைத்தான் பசு முதலில் மோந்து பார்க்கும். பசு ஏற்றுக்கொண்டதும், தோல் அழுகுமுன் அகற்றிவிடலாம். தொத்து நோயால் இறந்த கன்றின் தோலை மட்டும் ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

சொந்தக் கன்று உயிரோடிருக்க, இரண்டாவது கன்றையும் சேர்ப்பது இன்னும் கடினம். பசுவின் முன்னே தீனி வைத்து, பின்னங்கால்களைத் தளைந்து, இரண்டு கன்றுகளையும் ஒரே சமயத்தில் ஊட்டவிட வேண்டும். புதுக் கன்றின் முதுகில் உப்புநீர் தடவினால், உப்பை நாடியாவது பசு அதை நக்கும். நாள்தோறும் இரண்டு மூன்று வேளை இவ்வாறு செய்துவந்தால் சில பசுக்கள் சில நாட்களில் இணங்கிவிடும். சில பசுக்கள் கடைசிவரை தளையில் நின்றுதான் ஊட்டும். அடிப்பதால் பயனில்லை, அச்சமுற்ற பசு பாலை அடக்கிக்கொள்ளும். ‘பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும்’ என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்!

வைக்கோல் கன்று

நம் நாட்டுப் பசுக்கள் பல, கன்றைக் காணாமல் பால் சுரப்பதில்லை. கன்று மடியை முட்டும்போது பசுவின் மூளையிலிருந்து ‘ஆக்ஸிடோஸின்’ என்ற சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. அதுவே பாலை இறக்குகிறது. கன்று இறந்துவிட்டால், தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன் நிறுத்திக் கறக்கும் வழக்கம் இதனால்தான் ஏற்பட்டது. இதைவிடக் கொடியது ‘பூக்கா’ என்னும் முறை. பசுவின் பிறப்புறுப்பில் காற்றை ஊதிப் பாலை வெளிப்படுத்தும் இக்கொடுமையைப் பற்றி அறிந்து காந்தியடிகள் மனம் வருந்தினார். 1912-ம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் அவர் பாலையே துறந்தார். 1960-ம் ஆண்டின் மிருக வதைத் தடுப்புச் சட்டம் பூக்காவைக் குற்றமாக்கியிருக்கிறது.

வைக்கோல் கன்றினால் பால் நமக்குக் கிடைக்கலாம். ஓர் உயிரும் பிழைப்பதில்லை. அதே இடத்தில் ஓர் அநாதைக் கன்றை நிறுத்தினால், பசுவுக்கும் கன்று உண்டு, கன்றுக்கும் தாய் உண்டு, வீட்டிற்கும் பால் உண்டு.

கணக்கும் கருணையும்

ஆனால் கருணைக்கும் கணக்கு வேண்டும். இளங்கன்றுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் நாள்தோறும் வேண்டும் என்பது பொது விதி. 20 கிலோ எடையுள்ள கன்றுக்கு 2 லிட்டர். இரண்டு கன்றுகளுக்கு 4 லிட்டர். பசு தருவதே 4 லிட்டரானால் வீட்டுக் குழந்தைகளுக்கு மிஞ்சுவது வெறும் செம்புதான்! இரண்டு கன்றுக்கும் வீட்டுக்கும் போதாத பசுவிடம் இரண்டாவது கன்றைச் சேர்த்தால், இரண்டும் நோஞ்சானாகும். புதுக் கன்றுக்குக் கழிச்சல் இருந்தால், அது தீரும்வரை தனியே கட்டுவதே விவேகம்.

எல்லாவற்றினும் முக்கியமானது சீம்பால். தாயின் வயிற்றிலிருக்கும்போது கன்றுக்கு நோயெதிர்ப்புச் சக்தி வந்து சேர்வதில்லை; சீம்பாலே அதைக் கொடுக்கிறது. பிறந்த சில மணி நேரத்திற்குள் அதைப் புகட்டிவிட வேண்டும். ஒரு நாள் கழிந்தால் கன்றின் குடல் அச்சக்தியை ஏற்பதில்லை. தாய் இறந்துவிட்டால், அன்று ஈன்ற வேறு பசுவின் சீம்பாலைத் தேடிக் கொணர வேண்டும்.

சீம்பாலில் வெல்லமிட்டுக் காய்ச்சி அண்டை வீட்டாருக்கு வழங்கும் அழகிய வழக்கம் நம்மிடையே உண்டு. அதை விட்டுவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. கன்றுகள் வயிறாரக் குடித்த பிறகு வழங்குவோம். அண்டை வீட்டில் தாயற்ற கன்று ஒன்று நின்றால், கிண்ணம் முதலில் அங்கே போகட்டும்.