தை வெயிலில் மூன்று காடுகள்

(மரம் பார்க்கப் போவோம் – 6)

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்கழிப் பனியும் விலகத் தொடங்கும் தை மாதம்தான் விழுப்புரம் மாவட்டத்தைச் சுற்றிப் பார்க்க உகந்த காலம். ஏரிகளில் தண்ணீர் நிற்கும். பகல் வெப்பம் 29 டிகிரியை ஒட்டியே இருக்கும். இந்த வெயிலுக்காகவே ஐரோப்பியப் பனியை விட்டுக் கடல் கடந்து வருகிறவர்கள் உண்டு. நமக்குத் திண்டிவனம் பஸ் ஏறினால் போதும்.

முதலில் திருவக்கரைக்குப் போவோம். வக்கிரகாளியம்மனைக் கும்பிடப் பௌர்ணமிதோறும் கூட்டம் அலைமோதும் ஊர். கோயிலுக்கு வருகிறவர்கள் பக்கத்திலிருக்கும் கல்மரப் பூங்காவையும் பார்க்க வேண்டும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. செம்மண் மேட்டில் அடிமரங்கள் கிடக்கின்றன. குனிந்து பாருங்கள்: ஆண்டு வளையம் தெரியும், கணு தெரியும், நார் ஓடிய திசை தெரியும். தொட்டால் கல். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்து வந்து மணலில் புதைத்த மரங்கள் இவை. மரம் மக்கிப்போகுமுன் மண்ணடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா உள்ளே புகுந்து, செல் செல்லாக அதைக் கல்லாக்கிவிட்டது. கிளையோ இலையோ வேரோ இல்லாததால்தான் இவை வேறெங்கோ வளர்ந்து இங்கே அடித்துவரப்பட்டவை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். புளிய மரக் குடும்பத்தைச் சேர்ந்தவையும் இவற்றில் உண்டு. சாலையோரப் புளிய மரங்களை நெடுஞ்சாலைக்காக இழந்த நம் தலைமுறை, இங்கே சற்று நேரம் நிற்கத்தான் வேண்டும்.

அடுத்தது கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு, மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் காடு. வீரை, காசா என்று இந்தக் கரையோரத்துக்கே உரிய மரங்கள் குடை பிடித்து நிற்கின்றன. காசா மரத்தின் நீலப்பூ கிளையை ஒட்டியே கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். கோடையிலும் பசுமை மாறாத இந்த வறண்ட பசுமைமாறாக் காடு ஒருகாலத்தில் சோழமண்டலக் கரை நெடுகிலும் இருந்தது. இன்று பெரும்பாலும் இப்படிக் கோயில் காடுகளில்தான் மிஞ்சியிருக்கிறது. அய்யனார் காட்டில் அரிவாள் வைக்கக் கூடாது என்று பயந்த தலைமுறைகள் நமக்கு விட்டுவைத்த சொத்து அது.

மூன்றாவது காடு மனிதர் கையால் வளர்ந்தது. 1968 பிப்ரவரி 28இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் வெறும் செம்மண் பொட்டல். மையத்திலிருந்த ஆலமரம் போல அங்கொன்றும் இங்கொன்றுமாகவே மரங்கள். மழை பெய்தால் மண் கரைந்து கடலுக்கு ஓடும். ஆரோவில்வாசிகளும் சுற்றுக் கிராமத்து மக்களும் முதலில் செய்த வேலை வரப்பு போட்டு நீரை நிறுத்தியதுதான். பிறகு சீக்கிரம் வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியாவை நட்டார்கள். அதன் நிழலில் நம் மண்ணின் மரங்களை வளர்த்தார்கள். அந்த மரங்களுக்கான விதைகளைக் கோயில் காடுகளிலும் தேடி எடுத்தார்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. மறுபடி நட்டார்கள். இன்று மாத்ரிமந்திர் பார்க்கப் போகிறவர்கள் நடப்பது அந்த உழைப்பின் நிழலில்.

தை வெயில் தானாகக் கிடைக்கும். சித்திரை வெயிலில் ஒதுங்க நிழல் வேண்டுமென்றால் யாராவது நட்டிருக்க வேண்டும், அல்லது வெட்டாமல் விட்டிருக்க வேண்டும். திருவக்கரையில் ஒரு கல்துண்டைக்கூட எடுத்து வராதீர்கள். புத்துப்பட்டில் பிளாஸ்டிக்கைப் போட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் ஊர் அய்யனார் கோயிலுக்கு மண்டபம் கட்ட வசூல் நடந்தால் தாராளமாகக் கொடுங்கள். அதற்காக ஒரு மரமும் விழக் கூடாது என்று எழுந்து நின்று சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: கழுவெளிப் பறவைகள்)