இரவு வீதிகளில் ஓர் இரண்டாம் பாகம்: விளையாடியோர் கூறுவது என்ன?

வெற்றி பெற்ற முதற் பாகத்திற்கு இரண்டாம் பாகம் ஆக்குவது எளிதான காரியமன்று. முன்னையதில் விரும்பப்பட்டவை அனைத்தும் அதில் இருத்தல் வேண்டும். ஆயினும் பழையதே மீண்டும் வந்துள்ளது என்ற எண்ணம் எழுதலும் கூடாது. திரைப்படங்களுக்குப் பொருந்தும் இவ்விதி வீடியோ விளையாட்டுகளுக்கும் பொருந்தும். 2004ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த 'நீட் ஃபோர் ஸ்பீட்: அண்டர்கிரவுண்ட் 2' இதற்குத் தக்க சான்றாகும்.

2001இல் வெளியான 'த ஃபாஸ்ட் அண்ட் த ஃபியூரியஸ்' என்னும் திரைப்படம், கார்களை அலங்கரித்து இரவு வீதிகளில் பந்தயம் விடும் மோகத்தை இளைஞரிடையே பரப்பியது. அம்மோகத்தை ஒட்டியே 2003இல் 'அண்டர்கிரவுண்ட்' வெளிவந்தது. அடுத்த ஆண்டே இரண்டாம் பாகமும் வந்தது. இரண்டையும் ஆக்கியவர்கள் கனடாவின் வன்கூவர் நகரிலிருந்த 'பிளக் பொக்ஸ்' நிறுவனத்தினர். வெளியிட்டவர்கள் 'எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ்' நிறுவனத்தினர்.

முதற் பாகத்தில் ஒரு பந்தயம் முடிந்ததும் பட்டியலிலிருந்து அடுத்ததைத் தெரிவு செய்தால் போதும். இரண்டாம் பாகத்திலோ 'பேவியூ' என்ற கற்பனை நகரம் முழுவதும் திறந்து விடப்பட்டது. பந்தயம் நடைபெறும் இடத்தையும், இயந்திரத்தை வலுப்படுத்தும் கடையையும், வர்ணம் பூசும் கடையையும் விளையாடுபவரே ஓடித் தேட வேண்டும்.

விளையாடியோர் பிளவுபட்டது இவ்விடத்திலேயே. மழையில் நனைந்து மின்னும் வீதிகளில் எவ்விதக் கட்டுப்பாடுமின்றிச் சுற்றித் திரிவதே பேரின்பம் என்றனர் ஒரு சாரார். ஒரு பந்தயத்திலிருந்து மற்றொன்றிற்குச் செல்வதே பெரும்பாடாகிறது, முதற் பாகத்தின் செறிவு இதில் இல்லை என்றனர் மறு சாரார். சஞ்சிகை அட்டைக்குக் காரைப் படம் பிடிப்பதற்காக நகரின் மறு கோடிக்கு விரைய வேண்டியிருந்தமை பலருக்குச் சலிப்பூட்டியது. புதிதாகச் சேர்க்கப்பட்ட 'ஹம்மர்' போன்ற பாரிய வாகனங்களையும் பலர் விரும்பவில்லை. நகரெங்கும் தென்பட்ட வணிக விளம்பரங்களைக் கண்டு முகஞ்சுளித்தோரும் உளர்.

ஆனால் ஒன்றில் ஏறக்குறைய அனைவரும் உடன்பட்டனர். காரைத் தம் விருப்பப்படி மாற்றியமைக்க இவ்விளையாட்டு அளித்த வாய்ப்பே அது. சக்கரம், கதவு, விளக்கு, ஒலிபெருக்கி என ஒவ்வொன்றையும் தெரிவு செய்யலாம். ஒருவர் ஆக்கிய கார் மற்றொருவரின் காரைப்போல் இராது. இக்காரணத்தினாலேயே, குறை கூறியோரிற் பலரும் பின்னாளில் இதனையே இத்தொடரின் சிகரமாகப் போற்றினர். இதே இரவுச் சூழலுக்குத் திரும்பிய 2015ஆம் ஆண்டு வெளியீட்டையும் இதனுடன் ஒப்பிட்டே எடை போட்டனர். எந்நேரமும் இணையத் தொடர்பு வேண்டும் என்ற நிபந்தனை அவ்வெளியீட்டின் பெருங்குறையாகக் கூறப்பட்டது.

மற்றுமொரு முறைப்பாடும் இருந்தது. சட்டவிரோதப் பந்தயம் பற்றிய விளையாட்டில் பொலிசாரே இல்லையே என்பது அது. 2005இல் வந்த 'மோஸ்ட் வோன்டட்' பொலிசாரைத் திரும்பக் கொணர்ந்து அக்குறையைத் தீர்த்தது. ஆனால் 'பேவியூ' நகரில் இல்லாதவர்கள் பொலிசார் மட்டுமல்லர். அந்நகர வீதிகளில் கால்நடையாகச் செல்வோர் ஒருவரும் இலர். எவ்வளவு வேகமாக மோதினும் கார் நசுங்குவதில்லை, எவரும் இறப்பதில்லை. இவற்றை யாரும் பெருங்குறையாகக் கருதவில்லை. விளையாட்டு விளையாட்டாக இருப்பதற்கு அவை தேவைதான்.

உண்மையான வீதி அவ்வாறானதன்று. 2006 ஜனவரியில் ரொறன்ரோ நகரில், 18 வயதினர் இருவர் பெற்றோரின் கார்களில் அதிவேகமாக ஓடியபோது நேர்ந்த விபத்தில், வேறொரு நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்து உழைத்த வாடகைக்கார் சாரதி ஒருவர் உயிரிழந்தார். அக்கார்களுள் ஒன்றில் 'நீட் ஃபோர் ஸ்பீட்' தொடரின் விளையாட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்ட செய்தி அந்நாளில் பெரிதும் பேசப்பட்டது. அதனைக் கொண்டு விளையாட்டின் மீது பழி சுமத்துவது நியாயமாகாது. இலட்சக்கணக்கானோர் அதனை விளையாடினர். அவர்களெல்லாரும் வீதியில் பந்தயம் விடவில்லை. பாதுகாப்பாக ஓட்டுமாறு கூறும் அறிவுரையும் 'அண்டர்கிரவுண்ட் 2' விளையாட்டின் தொடக்கத்திலேயே இடம்பெற்றிருந்தது.

ஒன்ராறியோ மாகாணத்தில் 2007 செப்டெம்பர் 30ஆம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம், வீதிப் பந்தயத்திற்கு 2,000 முதல் 10,000 டொலர் வரை தண்டப்பணம் விதித்தது. சாரதி அனுமதிப்பத்திரமும் வாகனமும் அவ்விடத்திலேயே பறிக்கப்படும் என்றது. 2021இல் அவ்விதிகள் மேலும் கடுமையாக்கப்பட்டு, அனுமதிப்பத்திரம் 30 நாட்களுக்கும் வாகனம் 14 நாட்களுக்கும் தடுத்து வைக்கப்படும் நிலை வந்தது. இரவு பகலாக உழைத்து வாங்கிய காரை மகன் கேட்கையில் பெற்றோர் நினைவிற் கொள்ள வேண்டிய எண்கள் இவை.

பிள்ளைகளின் விளையாட்டைப் பறித்து வைப்பதால் பயனில்லை. ஒரு மாலைப் பொழுதில் அவர்கள் அருகே அமர்ந்து, எந்தக் காரை ஆக்கினாய், ஏன் இந்நிறம் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் மகிழ்ந்து விளக்குவார்கள். அந்நகரில் நடந்து செல்வோர் ஏன் ஒருவருமில்லை என்று பின்னர் கேளுங்கள். நீண்ட அறிவுரைகளால் ஆகாததை அந்த ஒரு கேள்வி செய்யக்கூடும்.