ரோலர் கிடைக்குது, டிரைவர் கிடைக்கலையே!

தாலுகா ஆபீஸ் வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைகளில் கொஞ்ச நாளாக ஒரே புலம்பல்: கம்ப்யூட்டர் புதுசு, பிரிண்டர் செத்துப்போச்சு!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. பயந்துபோய் 11-க்கு மாறினார்கள். பலர் அதற்காகக் கம்ப்யூட்டரையே மாற்றினார்கள். பட்டா விண்ணப்பம், சாதிச் சான்று, ஆதார் என்று வருடக்கணக்கில் அடித்துத் தள்ளிய சின்ன லேசர் பிரிண்டரை, 'டிரைவர் கிடைக்கவில்லை' என்ற ஒற்றை வரி ஓரங்கட்டிவிட்டது.

இந்த வகை பிரிண்டருக்குச் சொந்த மூளை கிடையாது. விலையைக் குறைப்பதற்காக, பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலையைக் கம்ப்யூட்டர் தலையில் கட்டிவிட்டார்கள். அங்கே அந்த வேலையைப் பார்ப்பது டிரைவர். அது 32 பிட்டில் மட்டும் எழுதப்பட்டிருந்தால் விண்டோஸ் 11-ல் ஏறவே ஏறாது. 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பிரிண்டர் மொழிகளைப் புரிந்துகொள்ளும் ஆபீஸ் பிரிண்டர்கள் பொதுவான டிரைவரை வைத்துச் சமாளித்துவிடுகின்றன. லாரி புக்கிங் ஆபீஸ் டாட் மேட்ரிக்ஸ்கூட, 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' என்று தேர்ந்தெடுத்தால் இங்கிலீஷ் பில்லைக் கரகரவென்று அடித்துக் கொடுக்கிறது.

64 பிட் டிரைவர் கையில் இருந்தால் போராடிப் பார்க்கலாம். விண்டோஸ் 7 காலத்து டிரைவர்கூடப் பல நேரம் ஏறிவிடும். செட்டப் அடம்பிடித்தால் ரைட் கிளிக் செய்து, கம்பாட்டிபிலிட்டியில் பழைய பதிப்பைக் கொடுங்கள், பெரும்பாலும் வழிவிடும். ஏறிய பிறகும் அடிக்கவில்லையா? பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் பக்கத்தைத் திறங்கள். டிக் யூஎஸ்பி001-ல் இருக்கும். ஒயரை வேறு இடத்தில் சொருகியதால் பிரிண்டர் யூஎஸ்பி002-க்குப் போயிருக்கும். டிக்கை மாற்றியதும், வரிசையில் நின்ற பக்கமெல்லாம் சடசடவென்று வந்து விழும். எதுவும் பலிக்காவிட்டால் லினக்ஸ் இருக்கிறது. கைவிடப்பட்ட சில மாடல்களுக்கு ஆர்வலர்களே எழுதிய டிரைவர் அங்கே கிடைக்கும்.

ஆனால் இதையெல்லாம் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் ஏன் கற்றுக்கொள்ள வேண்டும்? பிக்கப் ரோலர் தேய்ந்தால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மாற்று ரோலர் வாங்கலாம். ஃபியூசர் ஃபிலிம் கிழிந்தால் அதுவும் கிடைக்கும். டோனர் பவுடர் நிரப்பித்தர ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். இரும்பும் ரப்பரும் தேய்ந்தால் பார்த்துக்கொள்ள ஒரு தொழிலே இருக்கிறது. டிரைவருக்கு மட்டும் மெக்கானிக் கிடையாது. அதன் மூல நிரல் தயாரித்தவரின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது.

பழைய டிரைவர் வைரஸுக்கு வாசல் திறந்துவிடும் என்கிறார்கள் பாதுகாப்பு நிபுணர்கள். 2021-ல் விண்டோஸின் பிரிண்டிங் பகுதியில் இருந்த 'பிரிண்ட்நைட்மேர்' என்ற ஓட்டை உலகத்தையே கலங்கடித்ததும் உண்மைதான். அப்படியானால் டிரைவரைத் திருத்தித் தர வேண்டும்; ஓடும் மெஷினைக் காயலான் கடைக்கு அனுப்பக் கூடாது.

2022-ல் மட்டும் உலகம் கொட்டிய மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது நாலில் ஒரு பங்குகூட இல்லை. அதே வருடம் ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என நான்கு துறைகள் பட்டியலில் வந்தன. பிரிண்டருக்கென்று தனி இடம் இல்லை.

டிரைவரும் ஓர் உதிரி பாகம்தான். ஒரு மாடலுக்கு இனி டிரைவர் தரமாட்டோம் என்று கைகழுவும் அன்றைக்கே, அதன் நிரலைப் பொதுவில் வைக்கச் சட்டம் வர வேண்டும். மிச்சத்தை நம்ம ஊர்ப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள்.