வண்ண மீன் இரை எடுக்கவில்லையா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

செஞ்சி, தளவானூர் பகுதியில் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்பவர்கள் கவனத்துக்கு:

மீன் இரை எடுக்காவிட்டால் உடனே மருந்து ஊற்றாதீர்கள். பெரும்பாலும் கோளாறு தண்ணீரில்தான். மிஞ்சிய இரையும் கழிவும் அழுகினால் அமோனியா கூடும்.

* இரையை 2 நாள் நிறுத்துங்கள். வளர்ந்த மீன் இதைத் தாங்கும்.
* அடியில் தேங்கிய கசடை எடுத்து, கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். முழுவதையும் ஒரேயடியாக மாற்றினால் மீன் தாங்காது.
* போர் தண்ணீரை ஒரு நாள் காற்றாட வைத்து ஊற்றுங்கள். காற்று மோட்டார் நிற்கக் கூடாது.
* நோயுற்ற மீனைத் தனித் தொட்டியில் விட்டு, 100 லிட்டருக்கு 100 கிராம் கல் உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். கெளுத்தி வகைக்கு உப்பு வேண்டாம்.
* அந்த வலையை மற்ற தொட்டிகளில் போடாதீர்கள்.

வெண்புள்ளி, வயிறு வீக்கம், செதில் சிலிர்ப்பு தெரிந்தால் தாமதிக்காமல் மீன்வளத் துறை அலுவலகத்தை அணுகுங்கள்.